வேர் ஒரு வீட்டில், பூ ஒரு வீட்டில்

"சித்தி, பூ யாருக்குச் சொந்தம்? வேர் இருக்கிற வீட்டுக்கா, பூக்கிற வீட்டுக்கா?"

தர்லான் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த செங்கல் சுவரின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டாள். அந்த மஞ்சள் கொடி ரோஜாவை நட்டவர் அவள் அப்பா ஹெதாயத். வேர் அவர்கள் முற்றத்தில் இருந்தது. ஆனால் வெயில் இந்தப் பக்கம். அதனால் கொடி சுவரேறிக் கவிழ்ந்து, சித்தி நுஸ்ரத்தின் முற்றத்தில்தான் கொத்துக் கொத்தாகப் பூத்தது.

 உன் அப்பாவையே கேள் என்று நுஸ்ரத் சிரித்து அனுப்பிவிட்டாள்.

தச்சு வேலை செய்த ஹெதாயத் மகளுக்கு வாயால் பதில் சொல்லவில்லை. மறு வாரம் கொத்தனாரை அழைத்து வந்து சுவரில் வழி உண்டாக்கி, தன் கையால் செய்த சின்ன மரக்கதவு ஒன்றைப் பொருத்தினார். எந்தப் பக்கமும் தாழ்ப்பாள் இல்லாத கதவு.

அந்தக் கதவு கடைசியாகத் திறந்து இப்போது மூன்று வருடம் ஆகிறது.

இன்று தர்லானுக்கு நிக்காஹ். அழைப்பு சென்ற வாரமே வந்துவிட்டது. ஹெதாயத்தின் தம்பியும் நுஸ்ரத்தின் கணவருமான கியூமர்ஸ் அதைப் பிரித்துப் படித்தார். 'கியூமர்ஸ் அவர்கள், குடும்பத்துடன்' என்ற வரியைக் கேட்டு நுஸ்ரத் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். ஷீராஸில், அதுவும் எங்கள் சந்தில், ஓரகத்தியை அட்டை அனுப்பி அழைக்கிற வழக்கம் இல்லை. வாசலுக்கு வந்து வாயால் அழைப்பார்கள். தர்லானின் அம்மா தூபா வரவில்லை.

காலையில் நுஸ்ரத் கணவரின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள் இழுபடும் சத்தம். யாரோ டீ போடும் சமோவாரைத் தேடினார்கள். யாரோ கல்யாணக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, வழி விடுங்க, வழி விடுங்க என்றார்கள்.

"சட்டைக்கு இஸ்திரி போடறது நீ. அதைப் போட்டுக்கிட்டுத் தனியாப் போய் நிக்கிறது நான்" என்றார் கியூமர்ஸ். "பொண்ணோட சித்தி எங்கேன்னு கேட்டா, சட்டைய மட்டும் அனுப்பி வச்சிருக்கான்னு சொல்லட்டுமா?"

"தலைவலின்னு சொல்லுங்க."

"மூணு வருஷத் தலைவலிக்கு எந்த டாக்டர்னு கேப்பாங்களே."

அவள் சட்டையைத் திருப்பிப் போட்டாள். கியூமர்ஸ் பள்ளி வேன் ஓட்டுகிறவர். தினமும் முப்பது குழந்தைகளின் சண்டையைத் தீர்த்து வைப்பார். வீட்டில் இரண்டு பெண்களின் மௌனத்தை மட்டும் அவரால் தீர்க்க முடியவில்லை.

நுஸ்ரத்துக்குப் பிள்ளைகள் இல்லை. தர்லான்தான் பிள்ளை. அந்தக் கதவு வழியாக அவள் காலையில் வந்தால், மாலையில் யாராவது கூப்பிட்டால்தான் போவாள். கொடியின் கீழே இரண்டு பேரும் கல்யாண விளையாட்டு விளையாடுவார்கள். பொம்மைதான் மணமகள். நிக்காஹ் செய்து வைப்பதும் நுஸ்ரத், மணமகளின் தோழிப் பெண்களும் நுஸ்ரத். "பெண்ணுக்குச் சம்மதமா?" என்று தடித்த குரலில் கேட்பாள். உடனே குரலை மாற்றி, மூன்று முறை கேட்ட பிறகே பெண் சம்மதம் சொல்லும் வழக்கப்படி, "பெண் பூப் பறிக்கப் போயிருக்கிறாள்" என்பாள். தர்லான் பொம்மையை அணைத்துக்கொண்டு நிஜமாகவே பூப் பறிக்க ஓடுவாள்.

அந்தப் பெண்ணின் நிஜ நிக்காஹில் தான் இருப்போமா என்பதுதான் அன்று காலை நுஸ்ரத்தின் கவலை. போக ஆசைதான். போகிற முகம் இல்லை.

காரணம் ஒரு கத்தரிக்கோல்.

மூன்று வருடத்துக்கு முன்னால், நவ்ரூஸுக்கு முந்தின வாரம். வருடப் பிறப்புக்கு முன் வீட்டை உலுக்கிச் சுத்தம் செய்கிறோம் அல்லவா, கம்பளம் துவைத்து, திரை கழற்றி, சன்னல் துடைத்து, கடைசியில் முற்றத்துக்கு வந்து ரோஜாச் செடிகளை ஒட்ட வெட்டிவிடுவோம். நுஸ்ரத் தன் சிவப்பு ரோஜாக்களை வெட்டினாள். கை ஓயவில்லை. ஹெதாயத் அண்ணா நோயில் கிடக்கிறார், தூபா அவரை விட்டு அசைய முடியாமல் இருக்கிறாள், அவர்கள் சுவரையும் நாமே சுத்தம் செய்துவிடுவோம் என்று ஏணி வைத்து ஏறினாள். மஞ்சள் கொடியைச் சுவரின் உச்சி வரைக்கும் வெட்டி இறக்கினாள். நல்ல மனதோடுதான் செய்தாள்.

மஞ்சள் கொடி மற்ற ரோஜாக்களைப் போல அல்ல. வருடத்துக்கு ஒரே முறை பூக்கும். போன வருடத்துக் கிளையில்தான் பூக்கும். அதைப் பூத்து முடித்த பிறகுதான் வெட்ட வேண்டும். இது அவளுக்கு எப்போது தெரிந்தது என்றால், நாரத்தைப் பூ உதிர்ந்து, சந்து முழுக்க மஞ்சள் கொடிகள் பூத்து, அவர்கள் சுவர் மட்டும் வெறும் இலையாக நின்றபோது. நாற்றுக்காரர்தான் சொன்னார். இதை இப்போ வெட்டின புத்திசாலி யாரும்மா என்று கேட்டார். நான்தான் என்றாள் நுஸ்ரத்.

ஹெதாயத்தின் கட்டில் மாடியில், சுவரைப் பார்த்த சன்னல் ஓரம் இருந்தது. அந்த வருடம் பூவைப் பார்த்துவிட்டால் போதும் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பூ வரவில்லை. கோடை தொடங்கும்போது அவர் போய்விட்டார்.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும் தூபா ஒரே வாக்கியம் சொன்னாள். "கடைசி வரைக்கும் சுவரையே பாத்துக்கிட்டு இருந்தார்." அவ்வளவுதான். நுஸ்ரத் தலையைக் குனிந்துகொண்டு கதவு வழியாக வீட்டுக்கு வந்தாள். பிறகு அந்தக் கதவைத் தொடவில்லை. கொடியையும் தொடவில்லை. அது தன் இஷ்டத்துக்கு வளர்ந்து கதவை மூடிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் சமையலறைத் தட்டில் நீலப் பூச்சு பூசிய மண் கிண்ணம் ஒன்று மூன்று வருடமாக இருக்கிறது. அது தூபா வீட்டுக் கிண்ணம். ஏணியில் நின்று வெட்டிய அதே நாளில் தர்லான் அதில் குங்குமப்பூப் பாயசம் கொண்டு வந்து கொடுத்தாள். "அப்பா குடுக்கச் சொன்னார், சித்தி. ஏணியில நின்னு களைச்சிருப்பீங்களாம்." மேலே லவங்கப்பட்டைத் தூளால் ஒரு சின்னப் பூ வரைந்திருந்தது. நுஸ்ரத் ஏணியிலேயே நின்று சாப்பிட்டாள்.

வந்த கிண்ணத்தைக் காலியாகத் திருப்பி அனுப்பக் கூடாது. கற்கண்டோ, பழமோ, ஒரு கைப்பிடிப் பூவோ வைத்து அனுப்ப வேண்டும். நுஸ்ரத் எப்போதும் மஞ்சள் ரோஜாவை வைத்துத்தான் அனுப்புவாள். அந்த வருடம் பூ இல்லை. மறு வருடம் பூ இருந்தது, தைரியம் இல்லை.

நிக்காஹ் அன்று காலை, அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் தூபா மகளின் தலைமுடியைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். அழகு நிலையத்துக்குப் போகும் முன்பு ஒரு முறை அம்மா கையால் வாரிக்கொள்ள வேண்டும் என்று தர்லான் உட்கார்ந்துவிட்டாள். கூடத்தில் வெள்ளை விரிப்பு விரித்துக் கண்ணாடி, மெழுகுவத்தி, ரொட்டி, பாலாடைக்கட்டி, வண்ணம் பூசிய முட்டை எல்லாம் வைத்தாகிவிட்டது. இரண்டு சர்க்கரைக் கூம்புகளும் மெல்லிய பட்டுத் துணியும் ஓரமாக இருந்தன.

அந்தத் துணிதான் தூபாவை உறுத்தியது. நிக்காஹ் வாசிக்கும்போது மணமக்கள் தலைக்கு மேலே அதை நாலு பெண்கள் பிடிக்க, வாழ்வு இனிக்கட்டும் என்று அதன் மேல் சர்க்கரைக் கூம்புகளை உரசுவார்கள். பிடிக்கிறவர்கள் கணவரோடு வாழ்கிறவர்களாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். தூபாவால் தன் மகளுக்குப் பிடிக்க முடியாது.

"என் பக்க முனையை யார் பிடிக்கப் போறா, தெரியுமா? மாப்பிள்ளையோட அத்தையாம்" என்றாள் தர்லான். "நேத்து வரைக்கும் என் பேரைத் தப்பாச் சொல்லிக்கிட்டு இருந்தவங்க."

தூபா சீப்பை நிறுத்தவில்லை.

"சித்தி மேல இன்னும் கோபமாம்மா?"

"கோபம் எப்பவும் இல்ல."

"அப்புறம் ஏன் மூணு வருஷமா ஒரு வார்த்தை பேசல?"

தூபா சீப்பில் சிக்கிய முடியை எடுத்து விரலில் சுற்றினாள். "உங்கப்பாவுக்கு ஒரு வாக்குக் குடுத்திருக்கேன். ஒரு விஷயத்தை அவகிட்டச் சொல்ல மாட்டேன்னு. அவ முன்னாடி வாயைத் திறந்தா முதல்ல அதுதான் வந்து விழும். அதனால வாயையே மூடிக்கிட்டேன்."

"என்ன விஷயம்?"

"வாக்குன்னு சொன்னேனே."

தர்லான் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, நான் சின்னதுல அப்பாகிட்ட ஒரு கேள்வி கேட்டேனாம். அப்பா கதவு போட்டுக் குடுத்தாராம். நீங்க அதை மூடி வச்சிருக்கீங்க. நான் இன்னிக்கு எந்த வீட்டுலேருந்து புறப்படணும்?"

சில சமயம் இறைவன் நமக்கு வேண்டிய சொல்லை நம் பிள்ளைகளின் வாயில் வைத்து அனுப்புகிறான். தூபா சீப்பை மகளின் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். சமையலறை ஆணியில் தொங்கிய தோட்டக் கத்தரிக்கோலை எடுத்தாள். சாதரை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு தெரு வழியாகச் சுற்றி நடந்தாள். பத்து அடிதான். மூன்று வருடம் நடக்காத பத்து அடி.

கதவைத் திறந்த கியூமர்ஸ் அண்ணியையும் பார்த்தார், கத்தரிக்கோலையும் பார்த்தார். வழி விட்டு, ஷூவைத் தேடுவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்த குணமே எப்போது காணாமல் போக வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான்.

நுஸ்ரத் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"துணியோட ஒரு முனைக்கு ஆள் இல்ல" என்றாள் தூபா.

"மாப்பிள்ளை வீட்டுல அத்தனை பேர் இருக்காங்களே, அக்கா."

"என் இடத்துல நிக்க ஆள் இல்லன்னு சொல்றேன்."

 வர்றேன், உடை மாத்திக்கிட்டுத் தெரு வழியா வர்றேன் என்று நுஸ்ரத் ஏதோ சொன்னாள்.

"தெரு சுத்தி வந்தா நீ விருந்தாளி. கதவு வழியா வா." தூபா கத்தரிக்கோலை நீட்டினாள். "கொடி உன் பக்கம்தான் அடைச்சிருக்கு. வெட்டு."

"அக்கா, என் கை இனிமே அதுல படக் கூடாதுன்னு நேர்ந்துக்கிட்டிருக்கேன்."

"உன் கைதான் படணும்."

நுஸ்ரத் வாங்கவில்லை. தூபா அவள் கையைப் பிடித்து விரல்களைப் பிரித்து, கத்தரிக்கோலை உள்ளே வைத்து மூடினாள். பிறகு, அடுப்பில் சோறு இருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். "பூத்ததுக்கு அப்புறம் வெட்டினா அதுக்கு நல்லதுதான். அவர் அப்படித்தான் பண்ணுவார்."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

நுஸ்ரத் முற்றத்தில் நெடுநேரம் நின்றாள். கதவு இருந்த இடமே தெரியவில்லை. சட்டைப் பொத்தான் அளவுப் பூக்கள், ஒரு கொத்தில் ஏழு, எட்டு. முள் இல்லாத கொடி. கையை விட்டால் தண்ணீருக்குள் விட்டதைப் போல இருந்தது. பிஸ்மில்லாஹ் என்று சொல்லி முதல் கிளையை வெட்டினாள். அடுத்தது எளிதாக இருந்தது. வெட்ட வெட்ட, இதழ்கள் அவள் தோளிலும் தலைமுக்காட்டிலும் உதிர்ந்தன. கடைசியில் மரம் தெரிந்தது, கீல் தெரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ தள்ளினார்கள். கதவு முனகிக்கொண்டு திறந்தது.

முகத்தில் பாதி மாவு பூசியது போல ஏதோ ஒரு பசையோடு தர்லான் நின்றாள். பாதி அலங்காரத்தில் ஓடி வந்துவிட்டாளாம், அழகு நிலையப் பெண் வாசலில் காரில் காத்திருக்கிறாளாம். "சித்தி, அழ வச்சீங்கன்னா இதெல்லாம் மறுபடி பூசணுமாம்" என்றாள். இரண்டு பேரும் அழுதார்கள்.

வெட்டிய கிளைகளை அள்ளிக்கொண்டு போய் விரிப்பைச் சுற்றி வைத்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை, மஞ்சள் பூ பிரிவுக்கு அடையாளம் என்று சொல்வார்களே என்று மெல்ல இழுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா அக்தஸ் உடனே அவள் வாயை அடைத்தாள். "எங்க வீட்டுல முப்பது வருஷம் சிவப்பு ரோஜாதான் வச்சோம். தினமும் சண்டை. இதையும் பாப்போமே."

பிற்பகலில் நிக்காஹ். தலைக்கு மேலே பட்டுத் துணி. அதன் ஒரு முனையில் நுஸ்ரத். மற்றவர்கள் சர்க்கரையை உரச, வெள்ளைத் தூள் துணியில் படிந்தது. ஒரு பெண் ஊசியில் ஏழு நிற நூலைக் கோத்து, மாமியார் நாக்கைத் தைக்கிறேன் என்று துணி ஓரத்தில் பொய்த் தையல் போட்டாள். "எனக்கு ரெண்டு தையல் கூடப் போடு. நான் கொஞ்சம் அதிகமாவே பேசுவேன்" என்றாள் அக்தஸ். கூடமே சிரித்தது.

நிக்காஹ் நடத்துகிறவர் அமைதியாகக் கேட்டார். பெண்ணுக்குச் சம்மதமா?

வழக்கமாகப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து பதில் சொல்வார்கள். அன்று யார் தொடங்குவது என்று ஒரு கணம் தயங்கினார்கள். அந்த அமைதியில் ஒரே ஒரு குரல் எழுந்தது.

"பெண் பூப் பறிக்கப் போயிருக்கிறாள்."

நுஸ்ரத்தின் குரல். முக்காட்டுக்குள் தர்லானின் தோள் குலுங்கியது.

இரண்டாம் முறை, பெண் பன்னீர் கொண்டு வரப் போயிருக்கிறாள் என்று எல்லாருமே சொன்னார்கள். மூன்றாம் முறை தர்லான் தானே வாய் திறந்தாள்.

"அப்பாவை நினைச்சு, அம்மா, சித்தப்பா, சித்தி அனுமதியோட, சம்மதம்."

குலவைச் சத்தம் எழுந்தது. சர்க்கரை மிட்டாய்கள் மழையாக விழுந்தன. கியூமர்ஸ் இஸ்திரி போட்ட சட்டையின் கையால் மூக்கைத் துடைத்தார். தூபா தூணோரம் நின்று நுஸ்ரத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள்.

பிறகு கைதட்டலும் ஆட்டமும் தொடங்கின. முற்றத்தில் ஒருவரும் இல்லை. நுஸ்ரத் கதவு வழியாகத் தன் வீட்டுக்கு வந்தாள். தட்டிலிருந்து நீலக் கிண்ணத்தை எடுத்துக் கழுவினாள். கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, காலையில் தனியாக எடுத்து வைத்திருந்த மஞ்சள் கொத்துகளை அதில் நிறைத்தாள். தூபாவின் சமையலறையில் கொண்டு போய் வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். கால்கள் முற்றத்துப் படி வழியாக மாடிக்குப் போயின.

ஹெதாயத்தின் அறையில் விருந்தாளிகளின் மேலங்கிகளும் கைப்பைகளும் கட்டில் நிறையக் குவிந்திருந்தன. திரை மூடியிருந்தது. அவர் நோயில் இருந்தபோது அவள் எத்தனையோ முறை இங்கே வந்திருக்கிறாள். எப்போதும் எதிர் நாற்காலியில், சன்னலுக்கு முதுகு காட்டி உட்காருவாள். இன்று நாற்காலி இல்லை. பைகளைத் தள்ளிவிட்டு, அவர் தலை வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள். கையை நீட்டித் திரையை விலக்கினாள்.

சுவர் தெரிந்தது. சுவரின் உச்சி தெரிந்தது. உச்சிக்கு அப்பால் அவள் முற்றமும் தெரிந்தது. மூன்று வருடத்துக்கு முன் அவள் ஏணியைச் சாய்த்த இடம் நேர் எதிரே, கண்ணுக்கு மறைவில்லாமல் இருந்தது.

ஏணியில நின்னு களைச்சிருப்பீங்களாம்.

 அவர் பார்த்திருக்கிறார். கிளை கிளையாக அவள் வெட்டி இறக்கியதை இந்தத் தலையணையில் சாய்ந்தபடி பார்த்திருக்கிறார். செடியை நட்டவருக்கு அது அந்த வருடம் பூக்காது என்று தெரியாமல் இருக்குமா? கூப்பிட்டிருந்தால் ஒரு சொல்லில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் மகளைக் கூப்பிட்டு, களைத்திருப்பாள், பாயசம் கொடு என்று அனுப்பியிருக்கிறார்.

தூபா ஏன் வாய் திறக்கவில்லை என்பதும் அப்போது அவளுக்குக் கொஞ்சம் விளங்கியது. முழுவதும் விளங்கவில்லை. கேட்க வேண்டும். என்றைக்காவது, கதவருகே, இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது.

கீழே கைதட்டல் ஓங்கியது. மாலை வெயில் சுவரில் ஏறி, மிச்சமிருந்த பூக்கள் எல்லாம் பற்றிக்கொண்டது போல இருந்தன. அவள் கிண்ணத்தைச் சன்னல் விளிம்பில், கட்டிலிலிருந்து பார்த்தால் தெரியும்படி வைத்தாள். ஒரு கொத்து சாய்ந்திருந்தது, நிமிர்த்தினாள். சத்தமில்லாமல் பாத்திஹா ஓதினாள். "அண்ணா, கிண்ணம் கொஞ்சம் தாமதமாயிடுச்சு" என்றாள்.

திரையை மூடவில்லை. பைகளை இருந்தபடியே அடுக்கிவிட்டு இறங்கினாள்.

படிக்கட்டின் கீழே கியூமர்ஸ் தேடிக்கொண்டு நின்றார். எங்கே போயிட்டே, அக்தஸ் அம்மா உன்னை ஆடக் கூப்பிடறாங்க என்றார்.

"கைப்பையை எடுக்கப் போனேன்" என்றாள் நுஸ்ரத்.

அன்று அவள் கைப்பையே கொண்டு வரவில்லை.